வெள்ளக்காடா, பெருக்குக்காடா? அமேசான் கையேட்டுக்கு ஒரு சொல்

கோவையிலிருந்து

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

ஓர் அவசர உதவி வேண்டும். எங்கள் பறவை நோக்கும் நண்பர்கள் பதினான்கு பேர் ஜூலை மூன்றாம் வாரம் பிரேசில் போகிறோம். மனாஸ் வழியாகத் தெஃபே, அங்கிருந்து படகில் மாமிராவா காப்பகம். அப்புறம் தெற்கே குயாபா, பந்தனால் என்ற ஈரநிலம். எங்களில் பாதிப் பேருக்குத் தமிழில் படித்தால்தான் மனதில் நிற்கும். அதனால் 40 பக்கத்தில் ஒரு கையேடு தயாரிக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அமேசான் ஆறு ஆண்டுதோறும் ஏறிக் கரையோரக் காட்டுக்குள் புகுந்து மாதக்கணக்கில் நிற்கிறது. மாமிராவாவில் மட்டும் நீர்மட்டம் 10 முதல் 12 மீட்டர் வரை ஏறி இறங்கும். அந்தக் காட்டுக்கு ‘வெள்ளக்காடு’ என்று எழுதியிருந்தேன். மெய்ப்பு பார்த்த என் மகள், “அம்மா, வெள்ளம் வந்த ஊருக்கா போறீங்க?” என்று கேட்டாள். அவள் கேட்டது சரிதான். மழை பெய்து தெருவெல்லாம் தண்ணீர் நின்றால் ‘ஊரே வெள்ளக்காடானது’ என்றுதான் செய்தித்தாள் எழுதுகிறது. அது பேரிடரைச் சொல்லும் சொல். எனக்கு வேண்டியது அந்தக் காட்டின் இயல்பைச் சொல்லும் சொல்.

அதிலும் இரண்டு வகை இருக்கிறது. ஆண்டிஸ் மலையிலிருந்து சேறு சுமந்து வரும் கலங்கிய ஆறு நிரப்பும் காட்டை அங்கே ‘வார்ஸியா’ என்கிறார்கள். ரியோ நெக்ரோ போன்ற கருநிற ஆறு நிரப்புவது ‘இகப்போ’. நீரே ஏறாத உயர்ந்த தரைக்காட்டுக்கு வேறொரு பெயர். பயணிக்கு இந்த வேறுபாடு முக்கியம். கருநீரில் அமிலம் அதிகம், சத்து குறைவு. அதனால் அங்கே கொசு குறைவு, விலங்குகளும் குறைவு. சேற்று நீர்க் காட்டில் மீனும் பறவையும் குரங்கும் அதிகம், கொசுவும் அதிகம். எதைப் பெட்டியில் வைப்பது என்பது வரை இந்தப் பெயர்களில் அடங்கியிருக்கிறது.

மூன்றுக்கும் பொருந்தி வரும் பெயர்கள் தாருங்கள்.


மதுரையிலிருந்து

இதில் குழம்ப ஒன்றுமில்லை. ‘மூழ்குகாடு’. வினைத்தொகை. மூழ்கிய காடு, மூழ்குகின்ற காடு, மூழ்கும் காடு என மூன்று காலமும் ஒரே சொல்லில் அடங்கும். ஆண்டுதோறும் மூழ்கி எழும் காட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எங்கே கிடைக்கும்? நடுவில் வல்லெழுத்து மிகாது, அச்சில் கவனம் தேவை. ஆங்கிலத்தில் ஒரு காலத்துக்குள் முடங்கிப்போன பெயரெச்சத்தைத் தமிழ் எவ்வளவு எளிதாகத் தாண்டிவிடுகிறது, பாருங்கள்.


தஞ்சாவூரிலிருந்து

அன்புள்ள தங்கைக்கு,

காவிரிக்கரையில் பிறந்தவனுக்கு இந்தச் சொல் கையிலேயே இருக்கிறது. ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே, தண்ணீர் ஏறினால் முழுகி இறங்கினால் விளையும் நிலத்தை நாங்கள் ‘படுகை’ என்கிறோம். படுகை வாழை என்றால் இன்றும் தனி மதிப்பு. வார்ஸியாவிலும் அதுவே நடக்கிறது. நீர் வடிந்ததும் கரையோர மக்கள் அந்தப் புது வண்டலில் மரவள்ளி நடுகிறார்கள். ஆகவே ‘படுகைக்காடு’. நீர் ஏறாத மேட்டுக்கும் எங்களிடம் சொல் உண்டு: திடல். ஆகவே ‘திடற்காடு’. ‘திடல்காடு’ என்று சந்தி கெட்டு அச்சிடாதீர்கள்.

இனி இகப்போ. இந்தச் சொல்லைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ‘இகத்தல்’ என்றால் கடத்தல், நீங்குதல். குறள் 146இல் ‘பகைபாவம் அச்சம் பழியென நான்கும் இகவாவாம்’ என்று வருகிறது. பகை முதலிய நான்கும் பிறன் மனைவியிடம் நெறி தவறிச் செல்பவனை விட்டு நீங்கா என்பது பொருள். இகத்தலிலிருந்து ‘இகப்பு’. கரையை இகந்து வந்த நீர் நிற்கும் காடு இகப்புக்காடு! ஒலியும் நிற்கிறது, பொருளும் நிற்கிறது. நம் சொல் அங்கே போயிற்று என்று நான் சொல்லவில்லை. அவர்கள் சொல் நம் வேரில் வந்து அமர்கிறது என்கிறேன். பகை, போர் என்று பொருள்படும் ‘இகல்’ என்ற சொல்லையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். நீருக்கும் மரத்துக்கும் இடையே நடப்பது ஓர் இகல் அல்லவா? இகுத்தல் என்றால் சொரிதல், தாழ்த்தல். அதையும் விட்டுவிடக் கூடாது. நாளை விரிவாக எழுதுகிறேன்.


மட்டக்களப்பிலிருந்து

ஐயாவின் இகப்பு கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இகப்போ பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழிச் சொல். அதில் முன்னால் நிற்பது தண்ணீரைக் குறிக்கும் அவர்களுடைய சொல். அவர்களுக்கும் ஒரு வேர் இருக்கிறது, அதை மதித்து விடுவோம்.

அக்கா, நான் நீரின் நிறத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன். அமேசானில் சேற்று நீர் ஆறுகளை ‘வெள்ளை நீர்’ என்பார்கள். அதைச் சேர்த்து ‘வெண்ணீர் ஆறு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வாசிக்கக் கேட்பவருக்கு அது வெந்நீர் ஆறு. கொஞ்சம் மாறினால் வெண்ணீறு. உண்மையில் அந்த நீர் வெள்ளையும் இல்லை, பால் விட்ட தேத்தண்ணி நிறம். ரியோ நெக்ரோ பால் விடாத தேத்தண்ணி. இலை ஊறி இறங்கிய சாயம் அது. மனாஸுக்குப் பக்கத்தில் இரண்டும் சேர்ந்த பிறகும் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. வேகமும் வெப்பமும் அடர்த்தியும் வேறு.

கலங்கிய நீருக்குக் கபிலர் தந்த சொல் இருக்கிறதே. ஐங்குறுநூறு 203இல் தலைவி தேன் கலந்த பாலைவிட இனிது என்று புகழ்கிற, ‘மானுண்டு எஞ்சிய கலிழி நீர்’. வனவிலங்கு பார்க்கப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல சொல் கிடைக்குமா? ‘கலிழியாறு’ என்று எழுதுங்கள்.

இன்னொன்று. பந்தனாலைச் ‘சதுப்பு நிலம்’ என்று எழுத வேண்டாம். அங்கே பாதி ஆண்டு கால் நனையாமல் நடக்கலாம். மழைக்கு நிரம்பி வெயிலுக்குக் காயும் புல்வெளியை எங்கள் பக்கத்தில் ‘தரவை’ என்போம், மாடு மேய்ப்போம். வில்பத்துக் காட்டில் அப்படியான நீர்நிலைகள் ‘வில்லு’. அங்கே சிறுத்தை பார்க்கப் போகிறவர்கள் வில்லுகளின் கரையில்தான் காத்திருப்பார்கள்.


ஈரோட்டிலிருந்து

நான் மாமிராவாவுக்குப் போய் வந்தவன். அதனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் போனது அக்டோபர், நீர் வடிந்த காலம். காட்டுக்குள் காய்ந்த தரையில் நடந்தோம். வழிகாட்டி ஒரு மரத்தடியில் நின்று மேலே பார்க்கச் சொன்னார். என் தலைக்கு மேல் மூன்று ஆள் உயரத்தில் மரப்பட்டையில் ஒரு கோடு. அதற்குக் கீழே பட்டை வெளிறி, சேறு காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. மேலே பச்சைப் பாசி. பக்கத்து மரம், அதற்கடுத்த மரம் எல்லாவற்றிலும் அதே உயரத்தில் அதே கோடு, மட்டப்பலகை வைத்து இழுத்தது போல. ஜூனில் அந்தக் கோட்டில்தான் படகு போகுமாம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதுவரை நான் அந்த ஆற்றின் அடியில் நடந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அந்தக் காடு மூழ்குவதில்லை, நிற்கிறது. தம்பாக்கி என்ற பெரிய மீன் நீரோடு காட்டுக்குள் வந்து, மரத்திலிருந்து விழும் ரப்பர் விதையைக் கடித்து உடைத்துத் தின்கிறது. ஜாகுவார் மூன்று நான்கு மாதம் மரத்தின் மேலேயே வாழ்ந்து, அங்கேயே குட்டியும் வளர்க்கிறது. மாமிராவா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ‘மூழ்குகாடு’ என்றால் இவ்வளவும் போய்விட்டதாக ஆகிவிடும். எங்கள் ஊரில் அடகு வைத்த நகை மூழ்கிப்போச்சு என்றால் திரும்பி வராது என்று பொருள்.

திடற்காடு நல்ல சொல். யாராவது ‘மேட்டுக்காடு’ என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். கொங்கு நாட்டில் காட்டுக்குப் போகிறேன் என்றால் தோட்டம் துரவுக்குப் போகிறேன் என்று அர்த்தம். மேட்டுக்காடு வானம் பார்த்த சோளக்காடு.


சென்னையிலிருந்து

மன்னிக்கவும், எல்லாரும் பயணிகளை மறந்துவிட்டோம். அவர்கள் அங்கே படகோட்டியிடம் போய்க் ‘கலிழி’ என்றா கேட்பார்கள்? வார்ஸியா, இகப்போ என்ற சொற்களையே தமிழ் எழுத்தில் எழுதி, முதல் பக்கத்தில் விளக்கம் கொடுத்தால் போதும். வழிகாட்டி சொல்வதும் கையேட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்கும். ‘படுகை’யும் உதவாது. பள்ளிப் பாடநூலில் ‘அமேசான் படுகை’ என்பது ஆற்றின் வடிநிலம் முழுவதையும் குறிக்கிறது. படுகைக்காடு என்றால் மொத்த அமேசான் காடும் என்றே படிப்பார்கள்.


மதுரையிலிருந்து

ஒலிபெயர்ப்பே போதும் என்றால் இந்தக் குழு எதற்கு? காட்டுக்குப் பெயர் வைக்க முடியாத மொழியில் அந்தக் காட்டைப் பற்றி நாளைக்கு ஒரு பிள்ளை எப்படி யோசிக்கும்? அலையாத்திக் காடு என்ற சொல்லைப் பாருங்கள். அலையை ஆற்றும் காடு. அந்தப் பெயரைக் கேட்டவன் ஆழிப்பேரலைக்குப் பிறகு அதை வெட்ட யோசிப்பான். ஒலிபெயர்ப்பு அந்த வேலையைச் செய்யாது. அடகு நகை வாதத்தை நான் ஏற்கவில்லை. முத்துக்குளிப்பவனும் மூழ்குகிறான், முத்தோடு திரும்பி வருகிறான்.


திருச்சியிலிருந்து

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் புறப்படுவது ஜூலை மூன்றாம் வாரம், அதாவது ஆடி பிறக்கும் நேரம். இங்கே அம்மா மண்டபப் படித்துறையில் பதினெட்டாம் பெருக்குக்குக் கூட்டம் சேரும். ஆறு ஏறி வந்தால் நாம் அதை வெள்ளம் என்பதில்லை, ‘பெருக்கு’ என்கிறோம். சித்திரான்னம் கட்டிக்கொண்டு போய்க் கும்பிடுகிறோம். வெள்ளத்தில் இழப்பு இருக்கிறது, பெருக்கில் வரவு இருக்கிறது. மீன் காட்டுக்குள் வருவதும், வண்டல் படிவதும், விதை மிதந்து போய் முளைப்பதும் வரவுதானே?

‘பெருக்குக்காடு’ என்று சொல்லலாமா? அப்படியானால் வண்டல் பெருக்குக்காடு, கருநீர்ப் பெருக்குக்காடு என்று இரண்டும் தாமாகவே வந்துவிடும். கேட்ட உடனே புரியும்.


சென்னையிலிருந்து

இது எனக்கும் பிடித்திருக்கிறது. ஒரே தயக்கம், வீடு பெருக்குவதும் பெருக்கல் கணக்கும் குறுக்கே வருமே.


திருச்சியிலிருந்து

ஆடிப்பெருக்கில் வந்ததா? காடு என்று பின்னால் வந்த பிறகு யாரும் துடைப்பத்தை நினைக்க மாட்டார்கள்.


மதுரையிலிருந்து

வினைத்தொகை இல்லை என்ற குறை எனக்கு உண்டு. ஆனாலும் தமிழ்ச் சொல். எதிர்க்கவில்லை. என் வாக்கு மூழ்குகாட்டுக்கே.


கோவையிலிருந்து

அனைவருக்கும் நன்றி. இரவு பதினோரு மணி, காலையில் கோப்பு போக வேண்டும். தனி மடல்களையும் சேர்த்து எண்ணினேன். பெருக்குக்காட்டுக்கு ஆறு பேர், மூழ்குகாட்டுக்கு இருவர், படுகைக்காட்டுக்கு ஒருவர், ஒலிபெயர்ப்புக்கு இருவர். ஆகவே பெருக்குக்காடு. வண்டல், கருநீர் என்ற அடைகளோடு. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் வார்ஸியா, இகப்போ என்ற உள்ளூர்ச் சொற்களையும் எழுதியிருக்கிறேன், படகோட்டியிடம் கேட்க உதவும். நீர் ஏறாத காடு திடற்காடு, சந்தி கெடாமல்.

கலிழி எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் எங்கள் குழுவில் இருவரிடம் கேட்டேன், இருவருக்கும் தெரியவில்லை. உள்ளே ‘கலங்கலாறு’ என்று எழுதிவிட்டேன். தஞ்சை ஐயா கோபிப்பார், கலங்கல் என்றால் ஏரியின் வடிகால் என்று. தெரிந்தேதான் எழுதினேன். கபிலரின் அடியை மாமிராவா பகுதியின் தொடக்கத்தில் போட்டிருக்கிறேன்.

பந்தனால் பந்தனாலாகவே இருக்கும். போர்த்துகீசிய மொழியில் ‘சதுப்பு’ என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஆனால் விளக்கத்தில் ‘மழைக்கு நிரம்பிக் கோடைக்குக் காயும் தரவை நிலம்’ என்று மட்டக்களப்புத் தம்பியின் சொல்லைச் சேர்த்தேன். போகோனேயிலிருந்து போர்ட்டோ ஜோஃப்ரே வரை 145 கிலோமீட்டர் மண்சாலை, நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள். ஆகஸ்டில் நீர் குட்டைகளாகச் சுருங்க, முதலையும் நாரையும் கப்பிபாரா என்ற பெரிய கொறிவிலங்கும் அங்கே வந்து கூடும், ஜாகுவார் ஆற்றங்கரைக்கு வரும். நிரம்பி வடிவதுதான் அங்கே எல்லாமே என்று புரிய வைக்கத் ‘தரவை’ எனக்கு உதவியது. 2020இல் கால் பங்குக்கு மேல் எரிந்த நிலம் என்பதையும் எழுதியிருக்கிறேன். எப்போதும் ஈரமாக இருக்கும் சேறு என்று நினைப்பவர்களுக்கு அது எப்படி எரிந்தது என்றே விளங்காது.

பயணிகள் கவனத்துக்கு: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் தனிமையில் வைப்பார்கள்.


தஞ்சாவூரிலிருந்து

தங்கைக்கு ஆசிகள். நல்லபடியாகப் போய் வாருங்கள். கலங்கலை மன்னித்தேன். பெருக்குக்காடு பழுதில்லாத சொல், என் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்பேன்.

ஆனால் இகப்பு பற்றி நான் எழுத வேண்டிய மடல் இன்னும் முடியவில்லை. இகுத்தல் வரை வந்திருக்கிறேன். பாதியில் விட மனமில்லை. நீங்கள் திரும்பி வருவதற்குள் அனுப்பி வைக்கிறேன்.