11 வயசுப் பிள்ளைக்கு பிபி: வீட்டுல நடந்ததை டாக்டர்கிட்ட சொல்லணுமா?

சாத்தூர் அத்தை:
என் தம்பி மகளுக்கு 11 வயசு. ரெண்டு வருஷமா என்கிட்டதான் வளர்றா. போன மாசம் பள்ளிக்கூட மருத்துவ முகாம்ல பிபி 132/86னு எழுதிக் கொடுத்தாங்க. "சின்னப் புள்ளைக்கு ஏது பிபி, மிஷின் கோளாறா இருக்கும்"னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், அங்கயும் அதிகம்தான். "வீட்ல ஏதும் பிரச்சினையாம்மா?"ன்னு கேட்டார். பிள்ளை என் சேலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. "இல்லைங்க"ன்னுட்டேன்.

பொய்தான். தம்பி குடிச்சுட்டு வந்து, இவ கண்ணு முன்னாடியே இவ அம்மாவை அடிப்பான். குறுக்க போனா இவளுக்கும் விழும். தம்பி பொண்டாட்டி காய்ச்சல்ல போய்ச் சேர்ந்ததும் நான் தூக்கிட்டு வந்துட்டேன். இப்பவும் ராத்திரி சாப்பிடும்போது தெருவுல பைக் வந்து நின்னா, பிசைஞ்ச சோறு கையிலயே நிக்கும். வண்டி கிளம்பிப் போற சத்தம் கேட்டாத்தான் அடுத்த வாய். ஒருநாள் முதுகுல கை வச்சேன், நெஞ்சு அடிக்கிறது உள்ளங்கையில தட்டுது.

இதுக்கும் பிபிக்கும் சம்பந்தம் உண்டா? ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு இவளுக்குத்தானே கஷ்டம்?

வார்டு நர்ஸ்:
சொல்லிடுங்க அக்கா. குழந்தைகள் வார்டுல 14 வருஷமா இருக்கேன். முதல்ல, எல்லாத்தையும் மனசு மேலயே போட்டுடாதீங்க. இந்த வயசுல பிபி கூடினா கிட்னியைப் பாக்காம விடக் கூடாது. யூரின் டெஸ்ட், ஸ்கேன் எழுதினா தட்டாம எடுங்க. வேற வேற நாள்ல மூணு தடவை பிபி பாத்துத்தான் முடிவு சொல்வாங்க. கையில சுத்துற பட்டை சின்னதா இருந்தா கூடுதலாக் காட்டும், அதையும் கேளுங்க.

உங்க கேள்விக்கு: சம்பந்தம் உண்டு. பயந்தா அட்ரினலின் சுரந்து இதயம் வேகமா அடிக்கும், ரத்தக்குழாய் இறுகும். பயம் போனதும் தணியணும். ராத்திரிக்கு ராத்திரி பயந்த பிள்ளைக்கு உடம்பு தணியறதுக்கு நேரம் ஏது? தூக்கமும் கெட்டுடும். அமெரிக்காவுல சான் டியாகோவுல 1995லருந்து 97 வரைக்கும் 17,000 பேருக்கு மேல விசாரிச்சாங்க. சின்ன வயசுல அடி வாங்கினீங்களா, வீட்டுல குடி இருந்ததா, அம்மா அடி வாங்கிப் பாத்தீங்களான்னு. பட்டது கூடக்கூட இதய நோயும் கூடியிருந்தது. அதுக்காக இவளுக்கும் அப்படித்தான் ஆகும்னு அர்த்தம் இல்ல. அவங்ககிட்ட பெரியவங்களான பிறகுதான் கேட்டாங்க, இவ 11 வயசுலயே டாக்டர்கிட்ட வந்துட்டா.

மதுரை மணி:
எனக்கு 43 வயசுல இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சாங்க. சிகரெட் உண்டான்னு கேட்டாங்க, 15 வயசுல ஏன் ஆரம்பிச்சேன்னு யாரும் கேக்கல. அப்பா வர்ற நேரம் மொட்டை மாடிக்கு ஓடிருவேன். முதல் சிகரெட் அங்கதான். அக்கா, பிள்ளையை வெளிய உக்கார வச்சுட்டுச் சொல்லுங்க. அடி வாங்கினாலும் அது அவ அப்பா. அவ காதுபட வேண்டாம்.

தேனி வாசகி:
தம்பி வந்து பிள்ளையைக் கேட்டுத் தகராறு பண்ணினா குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் அடிங்க. காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பாங்க.

சாத்தூர் அத்தை:
வியாழக்கிழமை போயிட்டு வந்தேன். பிள்ளையை வெளிய பெஞ்சுல விட்டுட்டு எல்லாத்தையும் சொன்னேன். டாக்டர் எழுதுறதை நிறுத்திட்டுக் கேட்டார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா"ன்னார், கோபமா இல்ல. கிட்னி ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதியிருக்கார். உப்பும் பாக்கெட் தீனியும் குறைக்கச் சொன்னார்.

சாப்பாட்டை அடுப்படிப் பக்கம் மாத்திட்டேன், தெருச் சத்தம் அவ்வளவா கேக்காது. நேத்து இன்னொரு கரண்டி ரசம் கேட்டா. செவ்வாய்க்கிழமை மூணாவது தடவை பிபி பாக்கணும். பாத்துட்டு எழுதுறேன்.