பிளம்பர் சொன்னது ஆறுதலா, உபதேசமா?

தந்திக்கம்பி:
டிரேஸ் அட்கின்ஸ் 2008-இல் பாடிய ‘யூ ஆர் கானா மிஸ் திஸ்’ பாடலைச் அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியின் சிறந்த பாடல்கள் வரிசையில் யாராவது சேர்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்காதவர்களுக்குக் கதை இதுதான். பதினெட்டு வயது எப்போது வரும் என்று காரில் முணுமுணுக்கும் மகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிடும் அம்மா, “இந்த நாள்களுக்காக ஒருநாள் ஏங்குவாய்” என்கிறாள். கல்யாணமாகி ஒரே படுக்கையறை கொண்ட வீட்டில் குடியேறியவள், குழந்தை, சொந்த வீடு என்று அடுக்கத் தொடங்கியதும் அப்பா அதையே சொல்கிறார். ஐந்து ஆண்டுகள் கழித்து வாட்டர் ஹீட்டரைப் பழுதுபார்க்க வந்த பிளம்பரும் அதையே சொல்கிறார். அவள் வாயைத் திறக்கும் போதெல்லாம் யாராவது வந்து அடைத்துவிடுகிறார்கள். எழுதிய ஆஷ்லி கோர்லி, லீ தாமஸ் மில்லர், பாடிய அட்கின்ஸ் மூவருமே ஆண்கள். நாய் குரைக்கிறது, தொலைபேசி அடிக்கிறது, ஒரு பிள்ளை அழுகிறது, இன்னொன்று வீறிடுகிறது. கணவன் எங்கே என்பதைப் பற்றிப் பாட்டு மூச்சே விடவில்லை.

மாலைவண்டி:
பிளம்பரை நீங்கள் சரியாகக் கேட்கவில்லை தம்பி. சத்தத்துக்காக அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவர் முதலில் சொல்வது, “இது எனக்குத் தொந்தரவே இல்லை” என்பதுதான். பிறகு தனக்கும் இரண்டு குழந்தைகள் என்கிறார்: ஒன்றுக்கு வயது 36, இன்னொன்றுக்கு 23! அந்த இரண்டு எண்களில்தான் பாட்டே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே பதின்மூன்று ஆண்டுகள். மூத்தது வளர்ந்து நிற்கும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியவர், இந்த இரைச்சலை இரண்டு சுற்றுக் கேட்டவர். அவளுக்குப் புத்தி சொல்ல வந்தவராக எனக்குத் தெரியவில்லை; தன் ஏக்கத்தைச் சொல்கிறார். அட்கின்ஸ் ஐந்து பெண்களுக்குத் தகப்பன். எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடைகளில் உழைத்துவிட்டுப் பாட வந்தவர். கையில் கருவிப்பெட்டியுடன் வருகிற மனிதனின் பேச்சு அந்தக் கனத்த குரலில் பொய்யாக ஒலிப்பதில்லை.

கூரைப்புறா:
அமெரிக்க கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. 2009-இல் அகாடமி ஆஃப் கன்ட்ரி மியூசிக் விருதும் கிடைத்தது. இவ்வளவு பேர் கேட்டது வீணா?

தந்திக்கம்பி:
விற்பனைக் கணக்கை ஆதாரமாகக் காட்டினால் விவாதம் எதற்கு?

இரட்டைப்பின்னல்:
எனக்கு இரண்டு பிள்ளைகள், ஒன்றுக்கு நான்கு வயது, இன்னொன்றுக்கு ஒன்றரை. இதை எழுதும்போது பருப்புச் சோற்றைச் சின்னவன் நாற்காலிக் காலில் பூசிக்கொண்டிருக்கிறான். மாலைவண்டி ஐயா, உங்கள் பிளம்பர் நல்லவர்தான். ஆனால் ஏங்குவேன் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தூங்கும்போது அவன் முகத்தைப் பார்த்தாலே அது தெரிகிறது. பகல் மூன்று மணிக்குத் தேவைப்படுவது, ஐந்து நிமிடம் பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒரு கை.

அதே கோர்லி, பாடகர் டேரியஸ் ரக்கரோடும் கிறிஸ் டுபாய்ஸோடும் சேர்ந்து அதே 2008-இல் வெளிவந்த ‘இட் வோன்ட் பி லைக் திஸ் ஃபார் லாங்’ பாடலையும் எழுதினார். அதில் பச்சைக்குழந்தையின் அழுகையைக் கேட்டு இரவெல்லாம் விழித்திருப்பவன் தகப்பன். “இது கொஞ்ச நாள்தான்” என்று அவனைத் தேற்றுபவள் மனைவி. மகள் பள்ளி வாசலில் காலைக் கட்டிக்கொண்டு அழும்போதும் அங்கே நிற்பவன் அவன்தான். சொல்வது ஏறக்குறைய ஒன்றே, ஆனால் இங்கே வேலையில் ஆணுக்கும் பங்கு உண்டு. அதனால் எனக்கு எரிச்சல் வரவில்லை.

தந்திக்கம்பி:
அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். எனக்கு இன்னொரு குறையும் உண்டு. ‘போற்று, போற்று’ என்று பல்லவி தோறும் தட்டிச் சொல்வது கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் பழக்கமாகிவிட்டது. 2007-இல் கென்னி செஸ்னி பாடிய ‘டோன்ட் பிளிங்க்’கில் 102 வயதுக் கிழவர் தொலைக்காட்சியில் வந்து இதையேதான் சொன்னார். கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன் எழுதி ஜானி கேஷ் 1970-இல் முதலிடத்துக்குக் கொண்டுபோன ‘சண்டே மார்னிங் கமிங் டவுன்’ பாடலைக் கேளுங்கள். யாரோ வீட்டில் கோழி பொரிக்கும் வாசனை, மகளை ஊஞ்சலில் ஆட்டும் ஒரு தகப்பன். போதை தெளியாத தலையுடன் தெருவில் நடக்கும் ஒருவன் அதைக் கடந்து போகிறான். உபதேசம் எங்கும் கிடையாது, நெஞ்சு மட்டும் அடைக்கிறது.

மாலைவண்டி:
அது இழந்துவிட்டவனின் பாட்டு. இது இன்னும் இழக்காதவளுக்கான பாட்டு. முன்கூட்டியே சொல்ல ஒரு வாய் வேண்டாமா? பெற்றவர்கள் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் சொல்லும்போதுதான் உறைக்கும். பல்லவி மாறவில்லை, சொல்பவர் மாறுகிறார். அந்த வரிசையில் கைதேர்ந்த வேலை இருக்கிறது.

இரட்டைப்பின்னல்:
உறைத்ததா என்று பாட்டில் எங்கே இருக்கிறது ஐயா? அவள் பதிலே சொல்வதில்லையே.

தந்திக்கம்பி:
நான்காவதாக ஒரு சரணம் எழுதி, அதில் கணவன் வந்து ஹீட்டருக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டட்டும். நானே இதைச் சிறந்த பாடல்களின் வரிசையில் சேர்க்கிறேன்.