மகளுக்கு 9 வயசு: கராத்தே, டேக்வாண்டோ, சிலம்பம், ஜூடோ – பாளையங்கோட்டையில் எதில் சேர்ப்பது?

மலர்_பாளை:

வணக்கம். மகள் நாலாம் வகுப்பு, உயரம் 128 செ.மீ. தற்காப்புக் கலை ஏதாவது ஒன்றில் சேர்க்கலாம் என்று இருக்கிறோம். நடந்து போகிற தூரத்தில் மூன்று இடங்கள் இருக்கின்றன. ஒரு அப்பார்ட்மென்ட் மொட்டைமாடியில் சாயங்காலம் கராத்தே, ஒரு பள்ளிக்கூட ஹாலில் டேக்வாண்டோ, மைதானத்தில் காலை 6 மணிக்குச் சிலம்பம். ஜூடோதான் நல்லது என்று சிலர் சொல்கிறார்கள், ஆனால் எங்கே நடக்கிறது என்று தெரியவில்லை.

கராத்தே நோட்டீசில் "இரண்டே வருடத்தில் பிளாக் பெல்ட்" என்று போட்டிருக்கிறது. நம்பலாமா? வகுப்பு சரியானதா என்று எதை வைத்துப் பார்ப்பது? சர்டிபிகேட் பின்னால் காலேஜ் சீட்டுக்கு உதவுமா? நானும் கூடவே சேரலாமா (37 வயது, வலது முழங்காலில் அப்பப்போ வலி)?

டோஜோக்காரன்:

அக்கா, எந்தக் கலைங்கிறதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல மூணு இடத்துக்கும் போய், ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் ஒரு வகுப்பை உக்காந்து பாருங்க. "பெத்தவங்க உள்ள வரக்கூடாது"ன்னு சொல்ற இடத்தை அதோட விட்டுருங்க, வேற எதுவும் விசாரிக்க வேண்டாம். பொம்பளப் பிள்ளைங்களுக்குக் கதவை மூடிக்கிட்டுத் தனி கோச்சிங்னு சொன்னாலும் அதே பதில்தான்.

அடுத்தது தரை. கட்டா (தனியா வரிசையா செய்யுற அசைவுகள்), குத்து, தடுப்பு இதெல்லாம் சிமெண்ட்ல செய்யலாம். குதிக்கிற பயிற்சியும் சண்டைப் பயிற்சியும் சிமெண்ட்ல வெறுங்காலோட செஞ்சா குதிகாலும் முழங்காலும்தான் அடி வாங்கும். ஒண்ணோட ஒண்ணு கோத்துப் போடுற ஈவிஏ (ஃபோம்) மேட் 20 மி.மீ. கனத்துலயாவது இருக்கணும். மொட்டைமாடின்னா கைப்பிடிச் சுவர் பிள்ளையோட நெஞ்சுக்கு மேல இருக்கான்னு பாருங்க. சித்திரை, வைகாசியில சாயங்காலம் 5 மணிக்கு அந்தத் தரையில வெறுங்கால் வைக்க முடியுமான்னும் கேட்டுக்குங்க.

யார் சொல்லித் தர்றாங்க? நோட்டீசில ஒரு மாஸ்டர் படம் இருக்கும், வகுப்பை நடத்துறது 14 வயசுப் பையனா இருப்பான். 20 பிள்ளைகளுக்கு ஒரு பெரிய ஆளாவது வேணும். 60 நிமிஷ வகுப்புன்னா 10, 15 நிமிஷம் வார்ம்-அப்புக்குப் போகணும். காலை முழுசா விரிச்சு ஸ்ப்ளிட் போட வெச்சுத் தோள்ல அமுக்குறாங்கன்னா கிளம்பிருங்க. வளர்ற வயசுல எலும்பு முனைக்குப் பக்கத்துல வளர்ற பகுதி இன்னும் குருத்தெலும்பாத்தான் இருக்கும். அமுக்கினா தசை கிழியும், இல்லேன்னா தசை ஒட்டியிருக்கிற இடத்துல எலும்புத் துண்டே பிய்ஞ்சு வரும். கையால ஓடு உடைக்கிறது, வயித்து மேல பைக் ஏத்துறது, அதுக்கு ஒரு "உலக சாதனை" சர்டிபிகேட் – இதெல்லாம் போட்டோவுக்குத்தான். 9 வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் தேவையே இல்லை.

இரண்டு வருஷ பிளாக் பெல்ட்டுக்கு வருவோம். பெரும்பாலான ஸ்டைல்ல வெள்ளை பெல்ட்லேர்ந்து 10 கியூ, அதாவது பிளாக் பெல்ட்டுக்கு முன்னாடி உள்ள படி, ஏறணும் (சில இடத்துல 8 அல்லது 9). கீழ உள்ள ஏழு படிக்கு மும்மூணு மாசம் போட்டா 21 மாசம். கடைசி மூணும் பிரவுன், படிக்கு ஆறு மாசம்னா 18. ஆக 39 மாசம், மூணே கால் வருஷம். அதுவும் முழுப் பரீட்சைக்கு லீவு போடாம, ஒரு டெஸ்ட்லகூட பெயில் ஆகாம. நடப்புல நாலு, அஞ்சு வருஷம் ஆகும். இரண்டு வருஷத்துல தர்றேன்னு சொன்னா பெல்ட் விக்கிறாங்கன்னு அர்த்தம்.

பீஸைக் கேக்கும்போது மாசக் கணக்கு மட்டும் கேக்காதீங்க. உதாரணத்துக்கு மாசம் 700ன்னா வருஷத்துக்கு 8400. மூணு மாசத்துக்கு ஒரு பெல்ட் டெஸ்ட், தடவைக்கு 1000ன்னா இன்னொரு 4000. அட்மிஷன், டிரஸ், போட்டி என்ட்ரி, போக்குவரத்து எல்லாம் இதுக்கு மேல. டெஸ்ட் எழுதாம பயிற்சி மட்டும் தொடரலாமான்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. பதிலைவிட அவங்க முகம் நிறையச் சொல்லும்.

கராத்தேயில எந்த ஸ்டைல், ஷோட்டோகானா, கோஜு-ரியூவா, ஷிட்டோ-ரியூவாங்கிறது 9 வயசுல ஒரு பொருட்டே இல்லை.

கம்பு_நெல்லை:

அக்கா, கம்புன்னு பயப்படாதிய. நல்ல ஆசான்னா எடுத்த உடனே சுத்த விட மாட்டாரு. முதல் நாலு வாரம் காலடிதான். முன்கால், பின்கால், திரும்புற கால், அப்புறந்தான் கையில கம்பு. காலடி சொல்லிக்கொடுக்காம முதல் நாளே வேகமா வீச வைக்கிற இடம்னா அது மேடைக்கு ஆள் சேக்குற இடம். பார்க்க அழகா இருக்கும், எதிர்ல ஒரு ஆள் கம்போட நின்னா கால் பின்னிக்கிடும்.

கம்பு நீளம்: தரையில ஊன்றி நிறுத்துனா அவங்கவங்க புருவத்துக்கோ நெத்திக்கோ வரணும். உங்க மகளுக்கு நாலடிக்குள்ளதான் இருக்கும். பெரியவங்க பிடிக்கிற அஞ்சரை அடிக் கம்பைக் குடுத்தா மணிக்கட்டு வலிக்கும், நுனி தரையில தட்டும், அதை மறைக்கத் தோளைத் தூக்கிப் பழகிரும். அந்தப் பழக்கம் லேசுல போகாது. பிள்ளைகளுக்குப் பிரம்பு நல்லது, கனம் கம்மி, வளைஞ்சு குடுக்கும். மூங்கில்னா கணு செதுக்கி, நெடுக்குல கீறல் இல்லாம இருக்கான்னு விரலை ஓட்டிப் பாருங்க. காய்ஞ்ச மூங்கில் அடி விழும்போது நீளவாக்குல பிளந்து சிலாம்பு கையில ஏறும். மாசத்துக்கு ஒருக்க எண்ணெய் தேச்சு நிழல்ல வைக்கணும், வெயில்ல சாத்தி வைக்கப்படாது.

இடைவெளியையும் பாத்துக்கிடுங்க. ஒருத்தருக்கும் அடுத்தவருக்கும் ரெண்டு கம்பு நீளத்துக்கு மேல இருக்கணும். நெருக்கி நிக்க வைச்சா காது, விரல் முட்டி, கணுக்கால் மூணும்தான் அடிபடும். வீட்டுக்குள்ள பழகாதிய, மேல ஃபேன் இருக்கு.

தொடுமுறை, அதாவது கம்பால ஆளைத் தொட்டுப் புள்ளி எடுக்குற சண்டைக்கு, தலைக்கவசமும் நெஞ்சுக் கவசமும் இல்லாம இறக்குனா வேண்டாம்னு சொல்லிருங்க. தலைச்சுற்று (கம்பைத் தலைக்கு மேல சுத்துறது), இரட்டைக் கம்பு, வாள்வீச்சு, மான்கொம்பு எல்லாம் பின்னால வரும். சுருள்வாளை (வளையுற தகட்டு வாள்) பிள்ளைங்க கையில குடுக்குற ஆசானை நம்பாதிய.

நீங்க சேரதுக்குச் சிலம்பம்தான் தோது. குதிக்க வேண்டியது கம்மி, தாழ்வா உக்காருற நிலையை உங்க மூட்டுக்குத் தக்கபடி உயர்த்திக்கிடலாம். ஆனா மூட்டு வீங்குது, மடக்குனா பூட்டிக்கிடுதுன்னா முதல்ல எலும்பு டாக்டர்ட்ட காட்டிருங்க.

நாகர்கோவில் பக்கம் பழைய தற்காப்புக் கலைகளான அடிமுறை, வர்ம அடி சொல்லிக்கொடுக்குற ஆசான்மார் இருக்காங்க. நல்ல கலை. ஆனா வாரத்துல மூணு நாள் 9 வயசுப் பிள்ளையை அம்புட்டுத் தூரம் கூட்டிட்டுப் போறது நடக்காத காரியம்.

விழத்தெரிந்தவர்:

ஜூடோ பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது முதலில் கற்றுக்கொடுப்பது விழுவதை. உகெமி என்பார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, உள்ளங்கையும் முன்கையும் சேர்த்துத் தரையில் தட்டி விழ வேண்டும். கை உடம்பிலிருந்து 30 முதல் 45 பாகை விலகி இருக்கும். ஒன்று முதல் இரண்டு மாதம் வரை இதையும் உருள்வதையும்தான் செய்ய வைப்பார்கள். பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள், பெற்றோர் அதைவிட. ஆனால் கீழே போகும்போது கையை ஊன்றுகிற பழக்கம் மாறாத பிள்ளையை எறிதலுக்கு விட்டால் மணிக்கட்டோ காறையெலும்போ உடையும். சைக்கிளிலிருந்து விழும்போதும் இந்தப் பழக்கம் கை கொடுக்கும் என்பதால் என் ஓட்டு ஜூடோவுக்குத்தான்.

இதற்கு 20 மி.மீ. மேட் போதாது. எறிந்து பழக 40 மி.மீ. அடர்த்தியான மேட் வேண்டும். மேட்டுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் கால் விரல் மாட்டித் திரும்பும். தினமும் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறார்களா என்றும் கேளுங்கள். கட்டிப்பிடித்துப் பழகும் எந்தக் கலையிலும் படர்தாமரை ஒருவரிடமிருந்து பத்துப் பேருக்குப் போகும். உடையை ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் துவைக்க வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும், தோலில் வட்டமாகத் தடிப்பு வந்தால் ஆறும்வரை மேட்டில் இறங்கக் கூடாது.

எங்கே நடக்கிறது என்பதற்கு: அண்ணா விளையாட்டு அரங்கத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு நேரில் போய், எந்தெந்த விளையாட்டுக்கு இப்போது பயிற்றுநர் இருக்கிறார், எத்தனை மணிக்கு, மாதக் கட்டணம் எவ்வளவு என்று மூன்றையும் கேளுங்கள். பயிற்றுநர்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள், பழைய தகவலை நம்பிப் போக வேண்டாம். மகளின் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடமும் கேளுங்கள். பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் ஜூடோ இருப்பதால் யார் அணியைத் தயார் செய்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.

பி.டி. மாஸ்டர்:

சர்டிபிகேட் விஷயத்தில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். கல்யாண மண்டபத்தில் ஒரு நாளில் நடக்கும் "நேஷனல் ஓபன்", "இன்டர்நேஷனல் சாம்பியன்ஷிப்" கோப்பைகள் வீட்டு ஷோகேசுக்கு உதவும், சீட்டுக்கு உதவாது. அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு கேட்பது குறிப்பிட்ட படிவங்கள்: நாட்டுக்காக ஆடியதற்குப் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்கு 2, பல்கலைக்கழகத்துக்கு 3, தேசியப் பள்ளி விளையாட்டுகளில் மாநில அணிக்கு 4. இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடும் தகுதி உங்கள் மாஸ்டரின் சங்கத்துக்கு உண்டா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. தற்காப்புக் கலைச் சங்கங்கள் பிளவுபடுவதும் அங்கீகாரம் போவதும் வருவதும் சகஜம். ஆகவே, இப்போது எந்த மாநிலச் சங்கத்தில், எந்தப் பதிவு எண்ணில் என்று எழுத்தில் வாங்குங்கள்.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உண்டு. எந்த விளையாட்டு, எந்த நிலைப் போட்டிக்கு எத்தனை மதிப்பெண் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்க்க வேண்டும். சிலம்பம் மாநில அரசின் 3 சதவீத வேலை ஒதுக்கீட்டுக்கான விளையாட்டுகளில் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் செயல்விளக்க விளையாட்டாகவும் இருந்தது. முதலமைச்சர் கோப்பையிலும் உண்டு.

கராத்தே ஒலிம்பிக்கில் இருந்தது டோக்கியோவில் ஒருமுறைதான். 2024 பாரிசில் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சலசிலும் இல்லை. டேக்வாண்டோ 2000 முதல், ஜூடோ 1964 முதல் (1968 தவிர) இருந்துவருகின்றன. ஒலிம்பிக் வகை டேக்வாண்டோவில் கருப்புப் பட்டை என்றால் சியோலில் உள்ள குக்கிவோன் தரும் சான்றிதழ்தான் செல்லும். 15 வயதுக்குக் கீழ் "டான்" (பெரியவர்களுக்கான கருப்புப் பட்டை நிலை) கிடையாது, "பூம்" (சிறுவர்களுக்கான நிலை) என்று கொடுப்பார்கள். மாஸ்டரின் சான்றிதழ் எண்ணை வாங்கிக் குக்கிவோன் இணையதளத்தில் சரிபார்க்கலாம். எண் தரத் தயங்கினால் காரணம் இருக்கும்.

9 வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் குறியாக வைத்துச் சேர்க்காதீர்கள் அம்மா. உயர்நிலைப் பள்ளிக்குப் போனபின் யோசித்தால் போதும்.

மலர்_பாளை:

எல்லாருக்கும் நன்றி. இன்றைக்கு இரண்டு இடம் பார்த்தேன். மொட்டைமாடியில் மேட் இல்லை, 35 பிள்ளைகளுக்கு ஒரே பையன். டேக்வாண்டோ ஹாலில் மேட் இருக்கிறது, மாஸ்டர் தன் குக்கிவோன் சான்றிதழ் எண்ணையும் கொடுத்துவிட்டார், பெற்றோர் உட்கார நாற்காலியும் போட்டிருக்கிறார். பெரியவர்கள் வகுப்பில் என்னையும் சேரச் சொல்கிறார். மூட்டு தாங்குமா? மகளுக்கு டிரஸ் என்ன அளவு வாங்குவது?

டோஜோக்காரன்:

மூட்டுக்குக் கொஞ்சம் யோசிக்கணும் அக்கா. சுத்தி உதைக்கும்போது தரையில நிக்கிற காலோட குதிகால் உதைக்கிற பக்கம் திரும்பணும். ரப்பர் மேட்ல பாதம் ஒட்டிக்கிட்டுத் திரும்பாம நின்னா மொத்த முறுக்கும் முழங்காலுக்குப் போகும், உள்ள இருக்கிற சவ்வு கிழியறது அப்படித்தான். முதல் மூணு மாசம் இடுப்புக்கு மேல உதைக்காதீங்க, குதிக்கிற உதையே வேண்டாம்னு முன்னாடியே சொல்லி வையுங்க. ஒத்துக்கலேன்னா கம்பு அண்ணாச்சி சொன்ன மாதிரி காலை 6 மணிச் சிலம்பத்துக்குப் போயிருங்க, மகள் மட்டும் இங்க வரட்டும்.

டிரஸ் உயரத்தை வெச்சு: 120 செ.மீ.க்கு 00, 130க்கு 0, 140க்கு 1. முழுப் பருத்தின்னா முதல் துவையல்ல சுருங்கும், அதனால 1 எடுத்துக் கால் பக்கத்தை மடிச்சுத் தையுங்க. பாலியஸ்டர் கலந்ததுன்னா 0 போதும், ஆனா வருஷத்துக்குள்ள குட்டையாயிரும். முதல் மாசம் டிராக் பேண்ட்லயே போகட்டும், தொடர்ந்து வருவாளான்னு பாத்துட்டு வாங்குங்க. அட்மிஷனோட டிரஸ் கட்டாயம்னு சொன்னாலும் ஒரு மாசம் தவணை கேளுங்க, பெரும்பாலும் குடுப்பாங்க.