மூன்றாவது மாவுக்கட்டு, விரல் உள்ளே போன மாதிரி இருக்கிறது

கயல்அம்மா:
பாப்பாவுக்கு 40 நாள். இரண்டு பாதமும் உள்பக்கம் மடங்கிப் பிறந்தாள், கிளப் ஃபுட் என்றார்கள். வாராவாரம் மாவுக்கட்டு, திங்கட்கிழமை போட்டது மூன்றாவது. நேற்று வரை வலது காலில் ஐந்து விரலும் தெரிந்தன, இன்று நுனி மட்டும்தான். அடுத்த திங்கள் வரை பொறுக்கலாமா? மாமியார் வேறு, கிரகணத்தன்று நீ வெளியே போனதுதான் காரணம், எண்ணெய் போட்டு நீவினாலே நிமிர்ந்துவிடும், பச்சைக் குழந்தைக்கு எதற்கு இந்தக் கனம் என்கிறார். கேட்டுக் கேட்டு எனக்கே குழப்பம்.

முகில்அப்பா:
பொறுக்காதீர்கள், இன்றே போங்கள். கட்டு நழுவியிருக்கிறது. நழுவிய கட்டு பாதத்தைத் தப்பான வாக்கில் பிடித்துக்கொள்ளும், புண்ணும் வரும். இப்போதே விரல் நுனியை அழுத்தி விட்டுப் பாருங்கள், வெளுத்து உடனே சிவக்க வேண்டும். நீலமாகவோ, வீங்கியோ, சில்லென்றோ இருந்தால் ராத்திரியானாலும் அவசரப் பிரிவுதான். அப்புறம், கட்டு முழங்காலோடு நிற்கிறதா? முழங்காலை மடக்கித் தொடை வரை போட வேண்டும், இல்லாவிட்டால் இப்படித்தான் வழுக்கும்.

பிசியோ_சேலம்:
கிரகணம் பாவம், அதை விட்டுவிடுங்கள். ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது, பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. எண்ணெய் நீவி இது நிமிராது. உங்களுக்குச் செய்வது போன்செட்டி முறையாகத்தான் இருக்கும், ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் வேலை பார்த்த இக்னேசியோ போன்செட்டி உருவாக்கியது. பாதத்தைக் கையால் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி அந்த இடத்திலேயே கட்டுவார்கள், ஒரு வாரத்தில் தசைநார் இளகிக் கொடுக்கும், அப்புறம் இன்னும் கொஞ்சம். பெரும்பாலும் 5 முதல் 7 கட்டு. கடைசியில் குதிகால் இறங்காவிட்டால் பின்னால் உள்ள நரம்பைச் சின்னதாக வெட்டி 3 வாரக் கட்டு போடுவார்கள். நரம்பு என்று நாம் சொல்வது தசைநாரைத்தான். நிறையக் குழந்தைகளுக்கு இது தேவைப்படும், தானே வளர்ந்து கூடிவிடும், பயப்பட வேண்டாம்.

இரட்டைவால்:
கட்டு சீக்கிரம் முடிந்துவிடும், கதையே அதற்கப்புறம்தான். நடுவில் கம்பி வைத்த ஷூ தருவார்கள், முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு 4 வயது வரை தூங்கும்போதெல்லாம். கால்தான் நேராகிவிட்டதே என்று நாங்கள் எட்டாம் மாதமே விட்டுவிட்டோம், குழந்தை அழுதால் யாருக்குத்தான் மனசு வரும். ஒன்றரை வயதில் பாதம் திரும்ப மடங்கி, மறுபடி மூன்று கட்டு. இப்போது ராத்திரி ஷூ மாட்டுவது என் மாமியாரின் வேலை, குதிகால் அடியில் படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்காமல் விடமாட்டார். உங்கள் மாமியாரையும் அடுத்த முறை கூட்டிக்கொண்டு போங்கள்.

கயல்அம்மா:
போய் வந்தோம். பிரித்ததும் குதிகாலில் சிவந்து போயிருந்தது, புண் இல்லை. தொடை வரை புதிதாகப் போட்டிருக்கிறார்கள். மாமியார் கூட வந்தார், பிரித்த காலைப் பார்த்து, "ஏண்டி, கொஞ்சம் திரும்பித்தான் இருக்கு" என்றார்.