புதுப்பிப்பு: மாடிப்படிச் சரிவு விழும் ஹால் சுவரில் சரக்கொன்றை வரைந்தாச்சு

மாடிப்படியின் அடிச்சரிவு குறுக்கே இறங்க, இடது ஓரத்தில் எம்.சி.பி. (மின்சார பிரேக்கர் சுவிட்ச்) பெட்டியும் துருத்திக்கொண்டிருக்கும் ஹால் சுவரை என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "சரிவை மறைக்காதீங்க, அதையே கிளையாக்குங்க" என்று ஒருவர் சொன்னதுதான். சரிவை ஒட்டி ஒரு கிளை, அதிலிருந்து தொங்கும் சரக்கொன்றைப் பூங்கொத்துகள். பெட்டி இலைகளுக்குள் போய்விட்டது. மூடி திறக்கும் விளிம்பில் மட்டும் பெயிண்ட் படாமல் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். சுவரில் சாக்பீஸால் ஓரடிக் கட்டங்கள் போட்டு, தாளில் வரைந்ததைக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கினோம்.

எதிர்பாராதது, கீழ்ப்பகுதியில் உப்பு பூத்திருந்தது. பின்னால் குளியலறைக் குழாயில் கசிவு. அதைச் சரிசெய்து, மூன்று வாரம் காயவிட்டு, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்த பிறகே வரைந்தோம். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே இறங்கும். அவசரப்பட்டிருந்தால் அத்தனை பூவும் உரிந்திருக்கும்.

இன்னொன்று: நாங்கள் அடித்த அக்ரிலிக் எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் சுவர் பெயிண்ட்) காய்ந்ததும் நிறம் சற்று அழுத்தமாகிறது. என் முதல் மஞ்சள் அப்படித்தான் கறுத்தது. வெள்ளை கலந்து இரண்டாவது கோட் கொடுத்ததும் சரியாகிவிட்டது.