நுரையீரல் வாயுப் பரிமாற்றம்: ஆக்சிஜன் உள்ளே, கார்பன் டைஆக்சைடு வெளியே என்பதை எது தீர்மானிக்கிறது?

கேள்வி

உள்ளிழுக்கும் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடும் வெளிவிடும் காற்றில் 16 விழுக்காடும் ஆக்சிஜன் இருப்பதாகப் படித்தேன். ஒரே மெல்லிய சுவரின் வழியாக, ஒரே நேரத்தில், ஒரு வாயு இரத்தத்துக்குள் நுழைவதும் மற்றொன்று இரத்தத்தைவிட்டு வெளியேறுவதும் எவ்வாறு இயல்கிறது? எதை விடுவது, எதைத் தடுப்பது என்று அச்சுவரின் உயிரணுக்கள் தெரிவு செய்கின்றனவா?

மறுமொழி 1

இல்லை. உங்கள் ஐயம் புதியதன்று. டென்மார்க்கின் உடலியங்கியலாளர் கிறிஸ்டியன் போரும் நுரையீரல் ஆக்சிஜனைச் சுரந்து இரத்தத்துக்குள் செலுத்துவதாகவே கருதினார். அவரிடம் பயின்ற ஆகஸ்ட் குரோவும் அவர் மனைவி மேரியும் 1910இல் வெளியிட்ட ஆய்வுகள், பரவல் (மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு வாயு தானாகவே செல்லுதல்) ஒன்றே போதுமானது என்று காட்டின.

ஒவ்வொரு வாயுவும் தன் பகுதி அழுத்தம் (கலவையில் அந்த ஒரு வாயு மட்டும் தரும் அழுத்தம்) மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குச் செல்கிறது. மற்ற வாயு எத்திசையில் போகிறது என்பது அதற்குப் பொருட்டேயன்று. நுரையீரலின் மிகச் சிறிய காற்றுப் பையான காற்று நுண்ணறையில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் சுமார் 100 மி.மீ. பாதரசம், உடலைச் சுற்றிவிட்டு நுரையீரல் தமனி வழியே வந்துசேரும் இரத்தத்திலோ அது 40 மட்டுமே. கார்பன் டைஆக்சைடு அந்த இரத்தத்தில் 45, நுண்ணறையில் 40. இடையிலுள்ள தடுப்பு, நுண்ணறையின் தட்டையான உயிரணு, தந்துகியின் (மிக நுண்ணிய இரத்தக்குழாயின்) சுவர், இரண்டுக்கும் நடுவிலுள்ள அடித்தளச் சவ்வு ஆகியவை சேர்ந்தும், பெரும்பாலான இடங்களில் அரை மைக்ரோமீட்டர் அளவே இருக்கிறது. இத்தகைய பரப்பு, கோடிக்கணக்கான நுண்ணறைகளில் மொத்தம் 70 சதுர மீட்டர் வரை விரிந்திருப்பதால், பரவல் என்னும் எளிய நிகழ்வே உடலின் தேவைக்கு ஈடுகொடுக்கிறது.

மறுமொழி 2

16 விழுக்காடு பற்றி ஒரு சொல். அது நுண்ணறைக் காற்றின் அளவன்று. ஓய்வில் ஒரு மூச்சுக்கு உள்ளே போகும் சுமார் 500 மி.லி. காற்றில் 150 மி.லி. மூச்சுக்குழாய்களிலேயே நின்று, பரிமாற்றம் எதுவுமின்றித் திரும்பிவிடுகிறது. வெளிவிடும் காற்றில் அதுவும் கலந்திருப்பதால்தான் 16 என்று காண்கிறோம்; நுண்ணறைக்குள் 14 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஆனால் ஆக்சிஜனுக்கு 60 மி.மீ. வேறுபாடு இருக்க, கார்பன் டைஆக்சைடுக்கு வெறும் 5 எப்படிப் போதுமானதாகிறது? வெளியேறும் அளவு ஒன்றும் அவ்வளவு குறைவில்லையே.

மறுமொழி 1

கரைதிறன்தான் காரணம். கார்பன் டைஆக்சைடு நீர்மத்தில் ஆக்சிஜனைவிட இருபது மடங்குக்கும் மேலாகக் கரைவதால், சிறிய வேறுபாட்டிலேயே சவ்வை விரைந்து கடக்கிறது. சவ்வு தடிக்கும் நோய்களில் முதலில் ஆக்சிஜன் குறைவதும், கார்பன் டைஆக்சைடின் அளவு நெடுநாள் இயல்பாகவே இருப்பதும் இதனால்தான்.

மறுமொழி 3

சிவப்பணுக்களில் ஆக்சிஜனைப் பிணைக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பங்கையும் சேர்க்க வேண்டும். அழுத்தத்தைத் தருவது கரைந்துள்ள ஆக்சிஜன் மட்டுமே. ஹீமோகுளோபினோடு பிணைந்தது அந்தக் கணக்கில் வராது. நுரையீரலில் ஆக்சிஜன் பெற்று உடலுக்குச் செல்லும் தமனி இரத்தத்தில், 100 மி.லி.க்குக் கரைந்திருப்பது 0.3 மி.லி., பிணைந்திருப்பதோ ஏறக்குறைய 20 மி.லி. உள்ளே வரும் ஆக்சிஜனைச் சிவப்பணுக்கள் உடனுக்குடன் பற்றிக்கொள்வதால், இரத்தத்தின் பக்கம் அழுத்தம் சட்டென உயர்ந்து பரவலை நிறுத்திவிடுவதில்லை.

ஓய்வில் ஒரு சிவப்பணு நுரையீரல் தந்துகியைக் கடக்க ஏறத்தாழ முக்கால் வினாடி ஆகிறது. ஆக்சிஜன் நிரம்புவதற்கு அதில் மூன்றில் ஒரு பங்கே போதும். எஞ்சிய நேரம் வீணன்று: விரைந்து ஓடும்போது இரத்தவோட்டம் பெருகி, கடக்கும் நேரம் சுருங்கினாலும், நலமான நுரையீரலிலிருந்து இரத்தம் நிறைந்தே வெளியேறுகிறது.