கல்லறைத் திருநாள் எங்கிருந்து வந்தது?

அஸ்தம்பட்டி வாசகர்:
சேலத்துக் கல்லறைத் தோட்டங்களில் சுண்ணாம்பு அடிக்கிற வேலை தொடங்கிவிட்டது. நான் பெந்தெகொஸ்தே சபைக்காரன், மனதில் பட்டதைச் சொல்கிறேன். நவம்பர் 1 சகல புனிதர் திருநாள், 2 கல்லறைத் திருநாள். இரண்டுமே அயர்லாந்துக் கெல்ட் மக்கள் நவம்பர் 1ஐ ஒட்டிக் கொண்டாடிய சம்ஹெயின் பண்டிகையிலிருந்து வந்தவை. வேதத்தில் ஆதாரம் உண்டா?

ஏற்காட்டுக்காரி:
அண்ணா, தேதிகளைப் பாருங்கள். ரோமில் பாந்தியோன் கோயிலைப் பாப்பரசர் நான்காம் போனிஃபாஸ் மரியாளுக்கும் எல்லா மறைசாட்சிகளுக்கும் நேர்ந்தளித்தது மே 13, ஆண்டு 609. நவம்பர் 1 பிராங்கு பேரரசு (இன்றைய பிரான்ஸ், ஜெர்மனிப் பக்கம்) முழுக்கப் பரவியது 835 வாக்கில். அயர்லாந்தின் பழைய புனிதர் பட்டியலிலோ இந்தத் திருநாள் ஏப்ரல் 20இல் இருக்கிறது. சம்ஹெயினுக்குப் பதிலாக வைத்தது என்றால், அயர்லாந்தில்தானே முதலில் நவம்பருக்கு வந்திருக்கும்?

அஸ்தம்பட்டி வாசகர்:
மே 13 என்று நீங்களே சொல்கிறீர்கள், சிஸ்டர். ரோமர்கள் ஆவிகளைத் துரத்திய லெமூரியா சடங்கின் கடைசி நாள் அது. பாந்தியோனும் விக்கிரகக் கோயில்தான்.

சூரமங்கலம் சி.எஸ்.ஐ:
நாங்களும் நவம்பர் 2இல் கல்லறைக்குப் போகிறோம். இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை, அவர்களுக்காக நன்றி சொல்கிறோம். லூத்தர் தன் 95 வாதங்களை வெளியிட்டது 1517 அக்டோபர் 31, அதாவது சகல புனிதர் திருநாளுக்கு முந்தின நாள். பாவத் தண்டனைக் குறைப்பைக் காசுக்கு விற்றதுதான் அவரைக் கொதிக்க வைத்தது. இறந்தவர் பெயரில் பூசை வைக்க, பூசைக்கருத்து என்று பணம் கட்டுவதைப் பார்த்தால் எனக்கும் நெருடுகிறது.

ஏற்காட்டுக்காரி:
காணிக்கை பற்றிய நெருடல் நியாயமானது, அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் லெமூரியா வேறு. நடுராத்திரியில் வீட்டுக்காரர் கறுப்பு அவரை விதையைத் திரும்பிப் பார்க்காமல் எறிந்து, ஆவியை வெளியே போ என்பார். பயத்தில் செய்வது அது. நாம் மெழுகுவர்த்தியும் சாமந்தி மாலையுமாக அவர்களைத் தேடிப் போகிறோம். நாள் பொருந்துவதால் நோக்கம் ஒன்றாகிவிடாது.

நவம்பர் 2ஐத் தன் மடங்களில் ஏற்படுத்தியவர் பிரான்சின் குளூனி மடத்து அதிபர் ஒதிலோ, 1000ஆம் ஆண்டை ஒட்டி. ஆனால் வேண்டுதல் அதைவிட ரொம்பப் பழையது. 387இல் ஒஸ்தியாவில் சாகும் தறுவாயில் மோனிக்கம்மாள், உடலை எங்கே புதைத்தாலும் சரி, ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் மகன் அகுஸ்தினாரிடம் கேட்டார். தன் கல்லறையைப் பற்றிக்கூட அவருக்குக் கவலையில்லை, நினைத்தால் போதும்.

எங்கள் மலையில் காப்பித் தோட்ட வேலைக்கு வந்து செத்தவர்கள் எத்தனையோ பேருக்குச் சிலுவையில் பெயர்கூட இல்லை. அவர்களுக்கும் சேர்த்துப் பூசை நடக்கிற நாள் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதை எப்படி விடுவது?

அஸ்தம்பட்டி வாசகர்:
அவர்களை நினைப்பதில் எனக்குச் சண்டையே இல்லை. ஜெபம்தான் பிரச்சினை. எபிரெயர் 9:27, மரணத்துக்குப் பின் நியாயத்தீர்ப்பு. இறந்தவர்களுக்காக ஜெபிக்கக் கத்தோலிக்கர் ஆதாரமாகக் காட்டும் மக்கபேயர் புத்தகம் எங்கள் வேதாகமத்தில் கிடையாது.

ஏற்காட்டுக்காரி:
சரி, மக்கபேயரை விடுங்கள். 2 தீமோத்தேயு 1:18 உங்களிடமும் இருக்கிறது. தனக்கு உதவிய ஒநேசிப்போரு “அந்நாளிலே”, அதாவது நியாயத்தீர்ப்பு நாளில், கர்த்தரிடத்தில் இரக்கம் பெற வேண்டுமென்று பவுல் கேட்கிறார். அதே கடிதத்தில் இரண்டு முறையும் அவன் வீட்டாரை மட்டும் தனியாகக் குறிப்பிடுகிறார். அவன் அப்போதே இறந்திருந்தான் என்று விளக்கவுரையாளர் பலர் கருதுகிறார்கள். வாசித்துவிட்டு எழுதுங்கள், அண்ணா.